எழுதியதை யார் படிப்பார்?

கேள்வி: என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இணையத்தில் அவர்களுக்கு உண்மையான வாசகர்கள் கிடைப்பார்களா?
– ஓர் ஆசிரியை, திண்டிவனம்

பதில்: தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லுங்கள். 2010-இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு அங்கே கட்டுரைப் போட்டி நடத்தியது. ஊர் ஏரியைப் பற்றி ஒரு மாணவி நான்கு வரி சேர்த்தால், முகம் தெரியாத ஒருவர் ‘சான்று தேவை’ என்று குறித்துவிட்டுப் போகக்கூடும்; அந்தச் சான்றைத் தேடி அவள் நூலகத்துக்குப் போவதும், அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான உரையாடல் பக்கத்தில் தன் தரப்பை எழுதுவதும் உங்கள் சிவப்பு மையால் மட்டும் நடக்கக்கூடியவை அல்ல. பாடநூலை அப்படியே பெயர்த்து எழுதினால் பதிப்புரிமை மீறல் என்று நீக்கிவிடுவார்கள் (அதுவும் நல்லதுதான்). முதலில் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும். பயனர் பெயரில் சொந்தப் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம்.