டெமோ ரீலில் தெரிவது யார்? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

காரைக்குடியில் சிறிய அளவில் வீடியோத் தொழில் செய்துவருகிறேன். திருமணம், அறுபது, எண்பது வயது நிறைவுக்கு நடக்கும் சாந்திக் கல்யாணம், புதுமனை புகுவிழா ஆகியவற்றைப் படம்பிடித்துக் கொடுப்பதே பிழைப்பு. தெரிந்தவர்கள் சொல்லித்தான் வேலை வருகிறது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் பூர்வீக வீட்டுக்கு வந்து விசேஷம் நடத்துகிறவர்கள், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதிகளாக நடத்துகிறவர்கள் ஆகியோரின் வேலையையும் பிடிக்க நினைத்து, என் வேலையின் மாதிரியைக் காட்டும் ஐந்து நிமிட டெமோ ரீல் ஒன்றைச் செய்து பலருக்கும் அனுப்பினேன். எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. ரீலைத் தங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். எதை மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

தங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ரீலைப் பார்த்தேன். டிரோன் ஓட்டுக்கூரைகளுக்கு மேல் ஏறுகிறது. பிறகு முகப்பு, பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பெல்ஜியம் கண்ணாடி, வளவு எனும் நடுமுற்றத்தில் விழும் வெயில் என்று வரிசையாக வருகின்றன. மணமகளின் முகம் வருவதற்குள் ஒன்றரை நிமிடம் ஓடிவிடுகிறது. பார்த்தவர்கள் அழகு என்று சொன்னது உண்மைதான், ஆனால் அவர்கள் அப்படிச் சொன்னது வீட்டைப் பார்த்து. கடல் கடந்து பொருளீட்டிய ஒரு செட்டியார் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, யார் எந்தக் கேமராவை வைத்தாலும் அழகாகத்தான் விழும். விடுதி நடத்துகிறவரிடம் தன் வீட்டின் படங்கள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும். அவருக்கும் சரி, சிங்கப்பூரில் இருந்துகொண்டு தன் அப்பச்சியின், அதாவது தந்தையின், சாந்திக்கு வீடியோகாரரைத் தேடுகிறவருக்கும் சரி, தெரியவேண்டியது வேறு. மறுபடி நடத்திக்காட்ட முடியாத ஒரு நிகழ்ச்சியை இவரை நம்பி ஒப்படைக்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. உங்கள் ரீலில் அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பதிலை வீட்டின் அழகு உதவாத இடங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். நண்பகலில் வளவு வெயிலில் கண் கூசும். இரண்டடி தள்ளிப் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களின் முகம் இருட்டில் கிடக்கும். மணமக்கள் வெயிலிலிருந்து நிழலுக்கு நடந்து வரும்போது முகம் கருகாமலும் வளவு வெளுத்துப்போகாமலும் ஒரே ஷாட்டில் எடுத்தவர் என்றால், அவருக்கு வேலை தெரியும் என்று பார்க்கிறவர் சொல்லாமலே உணர்வார். திருப்பூட்டும் வேளையில், அதாவது தாலி கட்டும்போது, பெண்கள் சூழ்ந்து நிற்க, அந்த நெருக்கத்திலும் கழுத்துரு என்னும் தாலியும் இரு முகங்களும் மறையாமல் விழுந்திருக்கும் நான்கு நொடி, உங்கள் டிரோன் காட்சிகள் அத்தனையையும்விட மதிப்புள்ளது. திருமண ஒப்பந்த ஏடான இசைகுடிமானத்தில் கையெழுத்திடும்போது கையை மட்டும் காட்டாமல், எதிரே இருக்கும் சம்பந்தியின் கண் எங்கே போகிறது என்பதையும் பிடித்திருக்கிறீர்கள். நல்ல ஷாட், ஆனால் நான்காவது நிமிடத்தில் கிடக்கிறது. அதுவரை யார் பார்க்கப்போகிறார்கள்? அதைத் தூக்கி முதலில் வையுங்கள்.

நீளம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குள் சொல்ல முடியாததை ஐந்து நிமிடத்திலும் சொல்ல முடியாது. மேலும், கல்யாண வீட்டுக்கும் விடுதிக்கும் ஒரே ரீலை அனுப்புவதை நிறுத்துங்கள். விடுதிக்காரர் தன் அறையும் சமையலும் உபசரிப்பும் எப்படிப் படமாகும் என்று பார்ப்பாரே தவிர, யாரோ வீட்டில் தாலி கட்டுவதைப் பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அத்தகைய வேலை இன்னும் கையில் இல்லையென்றால், ஒரு விடுதியில் அனுமதி பெற்று ஒரு காலை நேரத்தைச் சொந்தச் செலவில் எடுத்து, அதைக் காட்டுங்கள்.

ஸ்லோமோஷன் பற்றியும் சொல்லவேண்டும். உங்கள் ரீலின் மண்டபக் காட்சிகளில் வெளிச்சம் நடுங்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பல டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடி சரங்களும் நொடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். நொடிக்கு 120 ஃபிரேம் வைத்து எடுத்தால் அந்தத் துடிப்பு படத்தில் ஏறிவிடும். 100 ஃபிரேம், ஷட்டர் வேகம் நூறில் ஒரு நொடி என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொழில் தெரிந்தவர் யாராவது வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தால், இந்த ஒரு நடுக்கத்தைக் காட்டியே உங்களைத் தள்ளிவிடுவார். கேமராவை ஆடாமல் தாங்கும் உங்கள் கிம்பலும் ஓய்வில்லாமல் மிதந்துகொண்டே இருக்கிறது. சில ஷாட்டுகளில் கேமரா அசையாமல் நின்றால்தான் மனிதர்கள் அசைவது தெரியும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. திரைப்படப் பாட்டை முழுக்க ஓடவிட்டிருக்கிறீர்கள். திருமணத்தில் பாட்டு ஒலிபரப்புவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு, தொழிலுக்கு ஆள் பிடிக்கும் வீடியோவில் அதே பாட்டைச் சேர்ப்பதற்கு ஆகாது. யூடியூப் அதைத் தானே கண்டுபிடித்து முடக்கவும் கூடும். பாட்டை எடுத்துவிட்டு, நீங்கள் பதிவுசெய்த ஒலியையே வையுங்கள்: பந்தி விசாரிக்கும் குரல், சீர்ப் பாத்திரச் சாமான் பரப்பும் ஓசை, வித்வானிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொஞ்சம் நாகசுரம். ஒலியைச் சுத்தமாக எடுக்கத் தெரிந்தவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இதைவிட முக்கியமானது அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது நீங்கள் உழைத்து எடுத்த அந்தக் கல்யாணக் காட்சிகள் சட்டப்படி உங்களுடையவை அல்ல. இனி முன்பணம் வாங்கும்போதே, டெமோவில் சில காட்சிகளைப் பயன்படுத்த ஒப்புதல் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வேலைகளுக்கு அந்தந்த வீட்டாரிடம் போய்க் கேளுங்கள். பெண்பிள்ளைகளின் முகம் வெளியே போவதை விரும்பாத வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கேட்காமல் போட்டுவிட்டு ஒரு வீட்டில் கெட்ட பெயர் வாங்கினால் அது ஊர் முழுக்கப் பரவும். நகரத்தார் எனும் செட்டியார் குடும்பங்களுக்குள் செய்தி போகும் வேகம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டிரோன் 250 கிராமுக்கு மேற்பட்டதென்றால் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவும் பைலட் சான்றிதழும் உங்களிடம் இருக்கவேண்டும். வெளியூர் நிறுவனங்கள் கேட்பார்கள்.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி மங்கவைத்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமுக்கு நெட்டுவாக்கில் தனியாக ஒன்று வெட்டுங்கள். குறுக்குவாக்கில் எடுத்ததை அப்படியே போட்டால் பாதித் திரைக்கு மேல் கறுப்பாகிவிடும். கடைசியில் பெயரும் தொலைபேசி எண்ணும் ஐந்து நொடியாவது நிற்கட்டும். இப்போது இருப்பதைப் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது.

ஆடியில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் இதை வெட்டி முடித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து தை மாதத்தில் விசேஷம் வைப்பவர்கள் வெகு முன்பாகவே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அன்புடன்