முயலின் அடைப்பும் அப்பாவின் அடைப்பும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். போன தை மாதம் அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தார்கள். மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டு வைட்டமின் ஈ பச்சை மாத்திரை தினமும் ஒன்று போடுகிறார். முயல்களுக்கு அதைக் கொடுத்ததில் அடைப்பு குறைந்ததாக நானும் படித்தேன். அப்படியானால் நல்லதுதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் படித்தது பொய்யில்லை. 1913-இலேயே ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்து, ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதைக் காட்டினார். கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான், அதாவது ஆக்சிஜனோடு வினைபுரிந்து மாறினால்தான், குழாய்ச் சுவரைக் கெடுக்கிறது என்ற கருத்து 1980களில் வலுப்பெற்றது. அதைத் தடுக்கும் வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முயலின் பெருந்தமனியை நீளவாக்கில் வெட்டி விரித்துச் சாயம் ஏற்றினால், கொழுப்பு படிந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று தெரியும். சில சோதனைகளில் வைட்டமின் ஈ கொடுத்த விலங்குகளில் அந்தச் சிவப்பு குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை.

ஆனால் முயல் புல் தின்னும் பிராணி, அதற்குக் கொலஸ்ட்ரால் தீனியே புதிது. சோதனைக்குப் பயன்படும் எலியோ தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நமக்கு அது முடியாது. இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: அந்த விலங்குகள் பலவற்றுக்கு அடைப்பு உண்டாகும் முன்பே வைட்டமின் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கோ பல வருஷமாகப் படிந்து, மூடி, ஸ்டென்ட் வரைக்கும் வந்தாயிற்று.

அப்புறம், மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தாயிற்று. ஹோப் என்ற பெரிய ஆய்வில் 55 வயது தாண்டிய, இதய ஆபத்து அதிகமுள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. நாலரை வருஷம் கழித்து, 2000-இல் முடிவு வந்தது: மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இதய நோய் மரணத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2005-இல் வந்த அதன் தொடர்ச்சியில், வைட்டமின் எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பிரிட்டனில் இருபதாயிரம் பேரில் பாதிப் பேருக்கு ஈ, சி, பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) மூன்றையும் சேர்த்துக் கொடுத்த ஆய்விலும் இதயத்துக்குப் பலனில்லை. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது. இதை 1994-இல் படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதிக அளவு வைட்டமின் ஈ-யும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது. இரண்டையும் சேர்த்துப் போடுவதை டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, நெல்லிக்காய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். நான் சொல்வது மாத்திரையைப் பற்றி மட்டும்தான். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும் ஒரு நாள்கூட விடக் கூடாது. பீடி பழக்கம் இருந்தால் அது இன்றோடு நிற்கட்டும். தஞ்சாவூருக்குச் செக்கப்புக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பச்சை மாத்திரை அட்டையில் எத்தனை யூனிட் என்று பார்த்து, இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.