27 மடங்கு சேமிப்பு இருக்கிறது, செலவழிக்கத்தான் பயம்

கேள்வி: ஐயா, எனக்கு 61 வயது, கணவருக்கு 66. அவர் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. ஓய்வூதியம் கிடையாது. வீடு சொந்தம், கடன் இல்லை. சேமிப்பு முழுவதும் வங்கி வைப்பு நிதியில் இருக்கிறது. எங்கள் ஓராண்டுச் செலவைப்போல் அது 27 மடங்கு. ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகப் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், இப்போது விளக்கை அணைத்தாயா, விசிறியை நிறுத்தினாயா என்று என் பின்னாலேயே வருகிறார். இதற்கிடையில் மகன் சொந்தத் தொழில் தொடங்குவதற்காகச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறான். மகள் எதுவும் கேட்கவில்லை. மகனுக்கென்றால் மறுபேச்சில்லாமல் சம்மதிக்கும் கணவர், பயணம் என்றால் பணமில்லை என்கிறார். எங்கள் பணம் கடைசிவரை போதுமா? மகனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, தொகையைச் சொல்லாமல் மடங்காகச் சொன்னீர்களே, அதற்கே ஒரு சபாஷ். எந்த நாட்டுப் பணமானாலும் ஓய்வுக்காலக் கணக்கை இப்படித்தான் போட வேண்டும். உங்கள் கையில் 27 மடங்கு இருக்கிறது. கவலையில்லாமல் வாழ இது போதும். ஆனால் இப்போது இருக்கும் இடத்திலேயே அதைப் பூட்டி வைத்தால் போதாமல் போகலாம்.

எதையும் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். வைப்பு நிதி வட்டியில் வரி போக மிஞ்சுவது விலைவாசி ஏற்றத்துக்குச் சரியாகப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 27 மடங்கு என்பது 27 ஆண்டு. உங்களுக்கு 88 வயதாகும்போது கணக்கு காலி. வட்டி ஆண்டுக்கு ஒரு சதவீதம் பின்தங்கினால் 24 ஆண்டிலேயே, அதாவது உங்கள் 85-ல் தீர்ந்துவிடும். மகன் கேட்டதைக் கொடுத்தால் மிஞ்சுவது 21 மடங்கும் சொச்சமும். வட்டி பின்தங்காவிட்டாலும் 82-ஐத் தாண்டாது.

‘அவ்வளவு வயது வரை யார் இருக்கப்போகிறார்கள்’ என்று கணவர் சொல்வார். எல்லாக் கணவர்களும் சொல்கிறார்கள். ஒருவர் குறிப்பிட்ட வயதைத் தொட பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், தம்பதியரில் யாராவது ஒருவராவது அதைத் தொட நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. பெண்கள் சராசரியாக ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். அதோடு நீங்கள் அவரைவிட ஐந்து வயது இளையவர். ஆகவே இந்தப் பணத்தைத் தனியாக உட்கார்ந்து எண்ணப்போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். அவர் வயதை வைத்துப் போட்ட கணக்கைத் தள்ளிவிட்டு உங்கள் வயதை வைத்துப் போடச் சொல்லுங்கள்.

விசிறியை நிறுத்தி மிச்சம் பிடிப்பவர் அஞ்ச வேண்டியது விலைவாசிக்கு. 72 என்ற எண்ணை ஏற்ற விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு, 4 என்றால் 18. (1494-லேயே இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி எழுதிவைத்த வழி இது. இன்றைக்கும் துண்டுச் சீட்டில் போட்டுப் பார்க்கலாம்.) 6 சதவீதமே நீடித்தால், உங்களுக்கு 85 வயதாகும்போது இன்றைய வாழ்க்கையை அப்படியே நடத்த நான்கு மடங்குப் பணம் வேண்டும். வைப்பு நிதி மட்டும் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது.

எவ்வளவு எடுத்துச் செலவழிக்கலாம் என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் அந்நாட்டுச் சந்தையின் பழைய விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும், மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்குக்கூட 30 ஆண்டு பணம் தாங்கியது. பின்னாளில் அவரே அந்த அளவைச் சற்று உயர்த்தினார். இதைப் பலரும் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட சேமிப்பில் பாதியாவது பங்குகளில் இருந்தது. வைப்பு நிதியை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த 4 சதவீதம் பொருந்தாது. வேறு நாட்டுச் சந்தை அதே போல் நடக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. வேதவாக்காகக் கொள்ளாமல் தொடக்கக் கோடாக வைத்துக்கொள்ளலாம். ஓராண்டுச் செலவு சேமிப்பில் 4 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் சேமிப்பு செலவைப்போல் 25 மடங்கு இருக்க வேண்டும். உங்களிடம் 27 இருக்கிறது.

‘பங்குச் சந்தை விழுந்தால்?’ என்ற கேள்வி நியாயமானது. சந்தை விழுவதைவிட எப்போது விழுகிறது என்பதுதான் ஓய்வு பெற்றவரை அடிக்கும். 1000 ரூபாய் வைத்திருக்கும் இருவர், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 50 எடுக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவருக்கு முதல் ஆண்டு 20 சதவீத நஷ்டம், பிறகு 10, 20 சதவீத லாபம். மற்றவருக்கு அதே எண்கள் தலைகீழாக, நஷ்டம் கடைசியில். எதுவும் எடுக்காமல் இருந்தால் இருவருக்கும் 1056 தான். எடுத்ததால் முதல்வரிடம் மிஞ்சுவது 880, இரண்டாமவரிடம் 922. வெறும் மூன்றே ஆண்டில் இவ்வளவு வித்தியாசம். விழுந்த நேரத்தில் விற்றுச் சாப்பிட்டது திரும்பி வளராது.

ஆகவே விற்க வேண்டிய நிலை வராதபடி பிரித்து வையுங்கள். மூன்று ஆண்டுச் செலவுக்கான பணம் இப்போதுபோலவே வைப்பு நிதியில் இருக்கட்டும், சந்தை என்ன ஆட்டம் ஆடினாலும் அதைத் தொடாது. அடுத்த பத்து ஆண்டுகளுக்கானது அரசுக் கடன் பத்திரம் போன்ற பாதுகாப்பான இடங்களில். மிச்சத்தை, மொத்தத்தில் பாதிக்கு மேல் போகாமல், பல நிறுவனங்களின் பங்குகளில் பரவலாக முதலீடு செய்யும் செலவு குறைந்த குறியீட்டு நிதியில் இரண்டு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கணவருக்குத் தூக்கம் கெடும் என்றால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள், சண்டை வேண்டாம். வாழ்நாள் முழுவதும் மாதப் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தை இப்போது அவசரப்பட்டு வாங்காதீர்கள். வாங்கும்போது வயது கூடக்கூட அதில் மாதத் தொகை கூடும். எழுபதைத் தாண்டியபின் அத்தியாவசியச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும், உங்கள் காலத்துக்கும் தொடரும்படி இருவர் பெயரிலும் வாங்கினால் போதும்.

இப்போது மகன் விஷயம். தனக்கு மிஞ்சித்தான் தானம். 27-ல் உங்களுக்கு 25 வேண்டும் என்றால் மிஞ்சுவது இரண்டு. அதில் ஒன்றை, ஓராண்டுச் செலவுக்கு நிகரான தொகையை, மகனுக்குக் கொடுங்கள். அவன் கேட்டது ஐந்து மடங்குக்கும் மேல், முகம் வாடுவான். ஆனால் முப்பது வயதுக்காரர் தொழில் நொடித்தால் மறுபடி சம்பாதிக்கலாம். உங்களுக்கு யாரும் வேலை தரப்போவதில்லை. கொடுப்பது கடனா, அன்பளிப்பா என்பதைக் காகிதத்தில் எழுதுங்கள். கடன் என்று எழுதினாலும் திரும்பாது என்றே மனதில் கணக்கு வையுங்கள். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் பிறகு தெரியவந்தால் அது வேறு கதையாகும். அவன் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டாம். வீட்டை அடமானம் வைக்கும் பேச்சே கூடாது, பின்னாளில் பராமரிப்புச் செலவு கைமீறினால் உங்களுக்கு இருக்கும் கடைசி அரண் அது.

காகித வேலைகளையும் தள்ளிப்போடாதீர்கள். கணக்கு எண்கள் எல்லாம் அவர் தலையில்தான் இருக்கின்றன என்று ஊகிக்கிறேன். எந்த வங்கி, எந்த ஆவணம் எங்கே, காப்பீடு எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரே நோட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு ஒருநாள் அவர் கூடவே இல்லாமல் வங்கிக்குப் போய் ஒரு பரிவர்த்தனையை நீங்களே செய்து பாருங்கள், எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். இருவரும் தனித்தனியே உயில் எழுதுங்கள். உங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரம் எழுதினால் வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எழுதிக்கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் இது செல்லுமா? பல நாடுகளில் சாதாரணப் பத்திரம் அந்த நேரத்தில்தான் செல்லாமல் போகிறது. தொலைபேசியில் அவசரப்படுத்தும் எவருக்கும் அன்றைக்கே பணம் அனுப்புவதில்லை என்ற விதியை இன்றே இருவரும் பேசி வையுங்கள்.

மிச்சமுள்ள ஒரு மடங்கு பயணத்துக்கு. இதை நான் சலுகையாகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவர்களின் செலவை ஆராய்ந்து அமெரிக்க நிதி ஆய்வாளர் டேவிட் பிளாஞ்செட் 2014-ல் எழுதியது இது: விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் வயது ஏற ஏறச் செலவு குறைந்துகொண்டே வந்து, கடைசிக் காலத்தில் மருத்துவத்தால் மீண்டும் ஏறுகிறது. நடுவில் செலவு குறைவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமாக இருக்காது, கால்களும் ஒத்துழைக்காது. கணவருக்கு 66. படியேறிப் பார்க்க வேண்டிய இடங்களை முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடியவை பிறகு ஆகட்டும். அந்த ஒரு மடங்கை மற்றவற்றோடு கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். அதில் கையெழுத்துப் போடும் உரிமை உங்களுக்கு மட்டும் இருந்தால் போதும்.