சின்னக் கேமரா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று அலமாரியில் கிடைத்தது. சட்டைப்பையில் அடங்கும் அளவு, பிளாஸ்டிக் உடம்பு, ஜூம் இல்லாத 35 மி.மீ. குவியத்தூர லென்ஸ். விளையாட்டாக ஒரு ரோல் போட்டு எடுத்தேன். ஸ்கேன் செய்து பார்த்தால் நம்பவே முடியவில்லை. லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய என் பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவில், அதோடு வந்த ஜூம் லென்ஸை வைத்து, அதே ஃபிலிமில் எடுத்த படங்களைவிட இவை ஓரம்வரை தெளிவாக இருக்கின்றன. ‘பழைய பொருள்மேல் உனக்கு மயக்கம்’ என்கிறார்கள் நண்பர்கள். இந்த மாதிரிச் சின்னக் கேமராக்கள் உண்மையிலேயே நல்லவைதானா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டு கேமராவிலும் ஒரே ஃபிலிம்தானே போட்டீர்கள்? மயக்கம் என்றால் அது இரண்டுக்கும் பொதுவாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது லென்ஸின் வேலை.

கேமரா பெரியதோ சிறியதோ, 35 மி.மீ. அகல ஃபிலிம் ரோலில் ஒரு படம் பொதுவாக 24க்கு 36 மி.மீ.தான். சின்னக் கேமரா என்பதால் ஃபிலிம் சிறுத்துவிடுவதில்லை. லென்ஸ் விஷயத்திலோ சின்னக் கேமராவுக்குத்தான் வசதி அதிகம். எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே, காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். அதற்கு இடம் விடுவதற்காக, லென்ஸ் மாட்டும் வளையம் ஃபிலிமிலிருந்து சுமார் 45 மி.மீ. தள்ளி நிற்கும். 35 மி.மீ. லென்ஸ் இயல்பாக உட்கார வேண்டிய இடமோ அதைவிடக் கிட்டத்தில். அதனால் முன்பக்கம் கூடுதல் வில்லைகளை வைத்து, பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளித்தான் சமாளிக்கிறார்கள். வில்லைகள் கூடக் கூட உள்ளே ஒளிச்சிதறலும் கூடும், நேர்கோடுகள் வளையும். அதில் ஜூமும் சேர்ந்தால் சமரசங்கள் இன்னும் அதிகம்.

உங்கள் அப்பாவின் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. லென்ஸ் ஃபிலிமை ஒட்டி உட்கார்ந்துகொள்ளலாம், சில வில்லைகளே போதும். 1990இல் வந்த யாஷிகா டி4 என்ற சின்னக் கேமராவில் இருந்தது ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தின் டெஸ்ஸார் லென்ஸ். அந்த நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1902இல் வடிவமைத்த நான்கு வில்லை அமைப்பு அது. ஒலிம்பஸ் மியூ 2இன், வெளிச்சத்தை நன்றாக உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸிலும் நான்கே வில்லைகள். இந்த வகையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 1979இன் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. மூடியைத் தள்ளித் திறந்தாலும் லென்ஸ் வெளியே நீளக் கூடாது என்பதற்காக, ஒலிம்பஸின் வடிவமைப்பாளர் யோஷிஹிஸா மைதானி ஆறு வில்லைகளை அந்தச் சின்ன உடம்புக்குள்ளேயே அடக்கி, ஃபோகஸும் உள்ளுக்குள்ளேயே நகரும்படி செய்தார். எத்தனை முறை கையில் எடுத்தாலும் எனக்கு அலுக்காத வடிவமைப்பு.

ஷட்டரையும் சொல்ல வேண்டும். லென்ஸோடு சேர்ந்தே இருக்கும் மெல்லிய தகடுகள் திறந்து மூடுகின்றன, அவ்வளவுதான். கண்ணாடி மோதும் அதிர்வு கிடையாது. நெகட்டிவ் ஃபிலிமும் வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலான இத்தகைய கேமராக்கள் நடுவில் இருப்பதைத்தான் ஃபோகஸ் செய்யும். இரண்டு நண்பர்களை அருகருகே நிறுத்தி நான் எடுத்த ஒரு படத்தில், அவர்களுக்கு நடுவே தெரிந்த சுவரின் விரிசல் துல்லியமாக இருக்கிறது, முகங்கள் இரண்டும் மங்கல். ஒருவர் முகத்தை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தி, பிடித்தபடியே கேமராவைத் திருப்பிப் பிறகு முழுதாக அழுத்தியிருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தாலும் கவனம் தேவை, அகச்சிவப்புக் கதிரை அனுப்பி தூரம் பார்க்கும் கேமராக்கள் அங்கே ஏமாறும். பின்னாளில் வந்த நீள ஜூம் கேமராக்களை இந்தப் பாராட்டில் நான் சேர்க்கவில்லை. முழு ஜூமில் லென்ஸின் துளை எஃப் 10, 11 என்று குறுகிவிடும், வெளிச்சம் குறைவதால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், கை அசைவு படத்தில் ஏறிவிடும்.

கேமரா பழுதானால் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். ஃபிளாஷின் மின்தேக்கியில், பேட்டரியைக் கழற்றிய பிறகும், சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

இவ்வளவு நல்ல லென்ஸ் என்று அப்போதே ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நாம் பார்த்ததெல்லாம் போஸ்ட்கார்டு அளவுப் பிரிண்ட்தானே. என் பெரியப்பாவின் படம் ஒன்று பல வருடங்களாக ஆல்பத்தில் இருந்தது, வெறும் முகமாக. நெகட்டிவைப் பெரிதாக ஸ்கேன் செய்த அன்றுதான், அவருடைய மூக்குக்கண்ணாடிக் காம்பில் திருகாணிக்குப் பதிலாகக் கட்டியிருந்த கறுப்பு நூலைப் பார்த்தேன். நூலின் முடிச்சுகூடத் தெரிந்தது. அந்தப் படத்தை எடுத்ததும் சட்டைப்பையில் போகும் கேமராதான்.

அப்பா எடுத்த நெகட்டிவ்கள் அதே அலமாரியில் எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். பழைய பிரிண்டுகளின் கவருக்குள்ளேயே பலமுறை கிடைக்கும்.

அன்புடன்