கிரியேட்டிவ் ரைட்டிங் படிப்பில் உண்மையில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? வேலையை விட்டுவிட்டுப் போய்ப் படிக்கலாமா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கதை, கவிதை எழுதுவதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்பது ஒன்று. அதற்காகக் கையில் இருக்கும் வேலையை விடலாமா என்பது இன்னொன்று. நான் வேலையை விட்டுப் போய் ஓராண்டு எம்.ஏ. படித்தவன். அதனால் இரண்டுக்கும் கொஞ்சம் பதில் வைத்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு இந்தப் படிப்பின் தாய்வீடான, அமெரிக்காவின் அயோவா எழுத்தாளர் பட்டறையே பதில் சொல்லிவிட்டது. அயோவா பல்கலைக்கழகம் 1922-லேயே, ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கதையோ கவிதையோ கொடுத்து முதுநிலைப் பட்டம் வாங்கலாம் என்று வழி திறந்தது. பட்டறை 1936-ல் வந்தது. தங்களைப் பற்றிய அறிமுகத்தில் அவர்களே, எழுத்தைக் கற்பிக்க முடியாது, எழுதுகிறவர்களை ஊக்குவிக்கத்தான் முடியும் என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கடை நடத்துகிறவரே ‘சரக்கு இல்லை’ என்று போர்டு மாட்டியது மாதிரி இருக்கிறதே என்று அதைப் படித்தபோது சிரித்தேன். சிரித்துவிட்டு வேறோர் இடத்துக்கு விண்ணப்பமும் போட்டேன்.

என் வகுப்பில் பன்னிரண்டு பேர். பருவத்துக்குப் பன்னிரண்டு வாரம். வாரத்துக்கு இரண்டு பேருடைய கதை விவாதத்துக்கு வரும், ஒவ்வொன்றும் பதினைந்து, இருபது பக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பருவத்தில் என் முறை வந்தது இரண்டே தடவை. மற்ற இருபத்திரண்டு கதைகளும் அடுத்தவருடையவை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, கடைசியில் அந்த எழுத்தாளருக்கு ஒரு பக்கக் கடிதமும் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் இது தண்டச் செலவாகத் தோன்றியது. கட்டணம் கட்டியது என் கதையை எழுத. பாதி நாள் போவதோ ஊரார் கதையைப் படிக்க. படிப்பே அதுதான் என்று புரிய ஒரு பருவம் ஆனது.

முடிந்து அச்சேறிய கதையை நாம் வாழ்நாள் முழுக்கப் படிக்கிறோம். அதில் தையல் தெரியாது. அரைகுறையாக நிற்கும் கதையில்தான் எது எதைத் தாங்குகிறது, எது சும்மா தொங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். யாரோ ஒருவருடைய கதையில் நான்காம் பக்கத்தில் ஏன் கொட்டாவி வருகிறது என்று கண்டுபிடித்து, அவர் மனம் நோகாமல், ஆனால் மழுப்பாமல் எழுதிக் கொடுக்கும் வேலையை இருபத்திரண்டு முறை செய்த பிறகு, உங்கள் நான்காம் பக்கத்தை முன்போலப் பார்க்க முடியாது.

இனி என் முறை வந்த நாள். பெரும்பாலான இடங்களில் ஒரு விதி உண்டு: கதை விவாதிக்கப்படும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. நாற்பது நிமிடம். குறிப்பு எடுக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான்.

நான் கொடுத்தது ஓர் அப்பா, இரண்டு மகன்கள் கதை. அப்பாவை ஸ்கேன் எடுக்க உள்ளே கூட்டிப் போகிறார்கள். உலோகம் எதுவும் கூடாது என்று நர்ஸ் சொல்கிறார். சின்னவன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். ஒரே வரி. அங்கே ஏதாவது நடக்க வேண்டுமே என்று எழுதியது. பிறகு அப்பா இறக்கிறார், அண்ணன் தம்பி வீட்டைக் காலி செய்கிறார்கள், பழைய கோபங்கள் எல்லாம் வருகின்றன. கதையின் கனம் அந்தக் கோபத்தில் இருப்பதாக என் நினைப்பு.

வகுப்பில் முதல் ஆள் கேட்டார்: “கடிகாரம் எங்கே?”

அடுத்த கால்மணி நேரம் அதுதான் பேச்சு. சின்னவன் திருடன் என்று ஏழு பேர். திருடன் இல்லை, ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறான் என்று மூன்று பேர். ஒருவர், அண்ணனுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்காமல் இருக்கிறான், கதையே அதுதான் என்று அடித்துச் சொன்னார். எனக்கோ அந்தக் கடிகாரத்தை எழுதியதே மறந்து போயிருந்தது. “அடப் பாவிகளா, அது சும்மா ஒரு வரி” என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விதி விடவில்லை. காது சூடாகி, நோட்டில் கட்டம் கட்டமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வாய் திறக்க அனுமதித்திருந்தால் நான் விளக்கம் சொல்லியிருப்பேன். அவர்களும் “ஓ, சரி” என்று அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். கதை செத்திருக்கும். பேச முடியாததால், பத்துப் பதினோரு பேர் மனதில் என் கதை என்னவாக உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. திருத்தும்போது கடிகார வரியில் கை வைக்கவில்லை. கடைசிக் காட்சியில் ஒன்று சேர்த்தேன். அண்ணன், “மணி என்ன?” என்று கேட்கிறான். தம்பி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறான். அவ்வளவுதான். கோபமாகப் பேசிக்கொள்ளும் மூன்று பக்கம் தானாகவே தேவையற்றுப் போயிற்று, வெட்டிவிட்டேன்.

இதற்காக அந்த மௌன விதியை நான் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். எனக்கு வாய்த்தது, அவ்வளவுதான். அதே வகுப்பில் ஒரு பெண், தன் ஊர்ப் பேச்சு வழக்கில் எழுதிய கதையைப் பற்றி, அந்த வழக்கே தெரியாத பதினொரு பேர் தீர்ப்புச் சொல்வதை நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு, அடுத்த கதையை வழவழப்பான பொது மொழியில் கொண்டுவந்தார். எல்லாரும் பாராட்டினார்கள். அதில் அவர் இல்லை. இந்தக் குறையைப் பலரும் உணர்ந்துதான் இப்போது சில இடங்களில் விதியைத் தளர்த்தி, எழுதியவரே முதலில் தன் கேள்விகளை வைக்கும்படி செய்கிறார்கள். லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990 வாக்கில் வகுத்த முறையில், ‘என் கருத்தைச் சொல்லவா?’ என்று படைத்தவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கருத்தே சொல்ல வேண்டும். நடனத்துக்கு வந்த முறை எழுத்து வகுப்புக்குள்ளும் நுழைந்திருக்கிறது. சேரும் முன் அங்கே எந்த முறை என்று விசாரித்துவிடுங்கள். விளம்பரப் பக்கத்தில் போட மாட்டார்கள். படித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வேற்று மொழியில் எழுதப் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. என் பாத்திரம் ஒருவன் இன்னொருவனை “மச்சான்” என்று கூப்பிட்டான். மனைவியின் தம்பியா, அக்காள் கணவனா, வெறும் நண்பனா என்று வகுப்பு கேட்டது. நானும் நல்ல பிள்ளையாக அடுத்த வரைவில் விளக்கம் சேர்த்தேன். கதை சுற்றுலாக் கையேடு ஆனது. வகுப்பாசிரியர் பென்சிலால் அந்த விளக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டு, “இதை யாரிடம் சொல்கிறாய்? கூப்பிடுகிறவனுக்குத் தெரியுமே” என்று எழுதியிருந்தார். அந்த ஒரு குறிப்புக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எல்லா ஆசிரியரும் இப்படி இல்லை. ஒருவர் எங்கள் கதையை வகுப்புக்கு வந்த பிறகுதான் புரட்டுவார். அது தாள் திரும்பும் வேகத்திலேயே தெரியும்.

ஆசிரியர் என்றால் அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கு நாவலாசிரியர் ஜான் கார்ட்னர் கிடைத்தது போலக் கிடைக்க வேண்டும். 1950-களின் கடைசியில் கார்வர் கல்லூரியில் கார்ட்னரிடம் படித்தார். சின்ன வயதிலேயே குடும்பம், குழந்தைகள். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை. கார்ட்னர் தன் அலுவலக அறைச் சாவியைக் கொடுத்து, வார இறுதியில் வந்து எழுதிக்கொள் என்றார். கதைகளை வரி வரியாக, காற்புள்ளி வரை திருத்தியும் கொடுத்தார். அந்தச் சாவிதான் பாடத்திட்டத்திலேயே சிறந்த பகுதி என்று எனக்குத் தோன்றும். இந்தப் படிப்பு கடைசியில் தருவது அதைத்தான்: கொஞ்ச காலம், ஓர் இடம், கெடு, அக்கறையாகப் படிக்கும் நாலு கண். பன்னிரண்டு பேரில் உங்கள் எழுத்தின் போக்குப் பிடிபடுகிறவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். படிப்பு முடிந்தும் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்களே. எனக்கு அப்படி அமைந்தவர் ஒரு கவிஞர். கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என் வாக்கிய நீளங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பார்.

சரி, வேலை விஷயம். பிரிட்டனில் எம்.ஏ. முழுநேரம் ஓராண்டு, செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-ல் தொடங்கிய படிப்புதான் அங்கே முன்னோடி. நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ 1980-ல் அங்கே எம்.ஏ. முடித்தார், 2017-ல் இலக்கிய நோபல் வாங்கினார். இந்தப் பெயரைக் காட்டித்தான் எல்லாரும் வீட்டில் சம்மதம் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். அவரோடு படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இதற்குத் தரும் முதுநிலைப் பட்டமான எம்.எஃப்.ஏ. இரண்டு, மூன்று வருடம். அங்கே சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் எடுக்கச் சொல்லி மாதப்படியும் தருகின்றன. அந்த மாதிரி இடங்களுக்குப் போட்டி பயங்கரம். என் ஒரே கண்டிப்பான அறிவுரை: இதற்காகக் கடன் வாங்காதீர்கள். எம்.எஃப்.ஏ. கல்லூரியில் கற்பிக்கத் தகுதியான பட்டம்தான். ஆனால் நல்ல கல்லூரி வேலைகள் பட்டத்தோடு வெளியான புத்தகமும் கேட்கும். என் வகுப்பில் இன்று முழுநேரமாக எழுதிப் பிழைப்பவர் யாரும் இல்லை. பதிப்பகத்தில் எடிட்டர், விளம்பரம், மென்பொருள் கையேடு, திரைக்கதை உதவி என்று ஆளுக்கொரு பக்கம். நான் பழைய மாதிரி வேலைக்கே திரும்பிவிட்டேன். காலையில் ஒன்றரை மணி நேரம் எழுதுகிறேன். முன்பு அதுவும் இல்லை.

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட மாதிரிப் பக்கங்கள்தான் பேசும். உரைநடைக்கு இருபது முப்பது பக்கம் கேட்பார்கள். இருப்பதிலேயே பெரிய நாவலின் நடு அத்தியாயத்தை அனுப்பாதீர்கள். படிப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. முழுதாக முடிந்த ஒரு சிறுகதை போதும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. எழுதுகிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எட்டு வாரம் உட்காருங்கள். வாரம் ஒருவர் கதை, மற்றவர்கள் படித்து ஒரு பக்கக் கடிதம். காசு செலவில்லை. ஐந்தாம் ஆறாம் வாரத்தில் உங்களைக் கவனியுங்கள். அடுத்தவர் கதையோடு உட்காரும்போது, ‘நம் முறை எப்போது வரும்’ என்று மட்டும் இருக்கிறதா, இல்லை அந்தக் கதையின் மூன்றாம் பக்கத்தில் என்ன கெட்டுப்போனது என்று பேருந்தில் போகும்போதும் யோசனை ஓடுகிறதா? முன்னது என்றால் படிப்புக்கு ஆகும் பணத்தில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தே எழுதுங்கள். பின்னது என்றால் போடுங்கள் விண்ணப்பம். கடைசித் தேதிகள் பல இடங்களில் டிசம்பர், ஜனவரியில் வந்துவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்டிருப்பவர்களை அக்டோபரிலேயே தொந்தரவு செய்ய ஆரம்பித்துவிடுங்கள்.