சிவில் முடித்துச் சென்னையில் ஒரு வருஷமாக வேலை பார்க்கிறேன், எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வும் எழுதியிருக்கிறேன். வேலையை விடாமல் எம்.இ. படிக்க முடியுமா?

முடியும். ஆனால் பார்க்கிற வேலையும் படிக்கப்போகும் எம்.இ.யும் ஒரே துறையாக இருக்க வேண்டும். பகலெல்லாம் சைட்டில் பில்லிங் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஸ்ட்ரக்சுரல் (கட்டட அமைப்பு வடிவமைப்பு) படித்தால் அது இரண்டு வேலை. டிசைன் ஆபீசில் இருந்துகொண்டு அதையே படித்தால் ஒன்றரை வேலை. பகுதி நேர எம்.இ. 6 செமஸ்டர், அதாவது மூன்று வருஷம். அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க அந்த அரை வேலை மிச்சம் பெரிய விஷயம்.

நான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் பகுதி நேரமாக ஸ்ட்ரக்சுரல் முடித்தவன். அப்போது ஒரு சின்ன டிசைன் கன்சல்டன்சியில் வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஐ.எஸ். 13920, அதாவது நிலநடுக்கத்தைத் தாங்கும்படி காங்கிரீட்டில் கம்பி கட்டுவதற்கான இந்தியத் தரவிதி, நடத்தினார்கள். ஸ்டிரப்பின் (முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின்) கொக்கியை 135 டிகிரி மடக்க வேண்டும், மடக்கிய முனை கம்பி விட்டத்தைப் போல 6 மடங்கு, குறைந்தது 65 மி.மீ. உள்ளே நீள வேண்டும். 8 மி.மீ. கம்பிக்கு 6 மடங்கு 48தான் வரும் என்பதால் அங்கே 65தான் கணக்கு. பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். எங்கள் சைட்டில் போய்ப் பார்த்தால் எல்லாக் கொக்கியும் 90 டிகிரியில் நிற்கிறது. கம்பி கட்டும் மேஸ்திரியிடம் கேட்டேன். "நீங்க சொல்ற மாதிரி மடக்கினா ஜாயின்ட்ல கையே நுழையாது சார், காங்கிரீட் எங்க போவும்?" என்றார். ஜாயின்ட் என்றால் தூணும் பீமும் சேரும் இடம், அங்கே கம்பி நெருக்கம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நிலநடுக்கத்தில் கம்பிக்கு வெளியே மூடியிருக்கிற கவர் காங்கிரீட் உதிர்ந்துவிட்டால் 90 டிகிரி கொக்கி விரிந்துகொள்ளும், அதனால் 90 டிகிரியிலேயே விடவும் முடியாது. ஆபீசுக்கு வந்து தூணில் 20 மி.மீ. கம்பி பன்னிரண்டு போட்டிருந்ததை 25 மி.மீ. எட்டாக மாற்றினோம். பரப்பளவு கொஞ்சம் கூடவே கிடைத்தது, ஜாயின்ட்டில் இடமும் கிடைத்தது. இதை முழுநேரம் படித்தவனும் கற்றுக்கொள்வான்தான், ஆனால் வேலைக்குப் போன பிறகு. கடைசி இரண்டு செமஸ்டர் புராஜெக்டுக்கும் நான் தலைப்புத் தேடி அலையவில்லை. ஆபீசில் செய்த வேலையையே கிளையன்ட் பெயரை எடுத்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்ள முதலாளியிடம் அனுமதி கேட்டேன், கொடுத்தார்.

சம்பளத்தைவிட ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாதம் ஐயாயிரம் கூட வருகிறதே என்று சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தால், சாயங்கால ஓ.எம்.ஆர். நெரிசலில் அன்றைய முதல் பீரியட் போயே போச்சு. சைதாப்பேட்டை, நந்தனம், ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். மேனேஜரிடம் சேருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எப்படியும் அப்ளிகேஷனுக்கு ஆபீசிலிருந்து கடிதம் கேட்பார்கள், மறைக்க வழியில்லை.

இனி, பலர் காதில் போடும் ஒரு யோசனை: "ஏதாவது ஒரு காலேஜில் முழுநேரமா பேரைக் கொடுத்துட்டு வேலைக்குப் போ, அட்டெண்டன்ஸைப் பார்த்துக்கலாம்." தயவுசெய்து வேண்டாம். சான்றிதழில் முழுநேரம் என்றிருக்கும், பி.எஃப். பாஸ்புக்கில் அதே மாதங்களுக்கு உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் வரிசையாக நிற்கும். அடுத்த கம்பெனி சரிபார்க்கும்போது இரண்டு தேதியும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அப்புறம் படிப்பு, அனுபவம் இரண்டில் ஒன்றைத்தான் ரெஸ்யூமேயில் வைக்க முடியும். எதற்கு இந்த வம்பு?

உங்கள் கேட் மதிப்பெண்ணுக்கு ஐ.ஐ.டி.யோ என்.ஐ.டி.யோ கிடைக்கிறதென்றால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு வேலையை விட்டுப் போங்கள். அந்த ஆய்வகமும் கேம்பஸ் இன்டர்வியூவும் பகுதி நேரத்தில் வராது. முழுநேரத்தில் மாதம் 12,400 ரூபாய் 24 மாதம் வரை உதவித்தொகை உண்டு. பகுதி நேரத்துக்குக் கிடையாது. சும்மா தரமாட்டார்கள், வாரம் 8 முதல் 10 மணி நேரம் துறையில் லேப், டுட்டோரியல் என்று வேலை வாங்குவார்கள். அதை வாங்கிக்கொண்டு வெளியே சம்பளமும் வாங்கக் கூடாது. இரண்டாம் செமஸ்டர் லீவில் இன்டர்ன்ஷிப் ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி. எண்ணம் இருந்தாலும் முழுநேரம்தான் சரி.

ஐ.ஐ.டி. கிடைக்காது, இப்போதிருக்கும் வேலையும் டிசைன் இல்லை என்றால் இந்த வருஷமே சேர்ந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட் மதிப்பெண் 3 வருஷம் செல்லும். முதலில் டிசைன் ஆபீஸ் ஒன்றுக்கு மாறப் பாருங்கள்.