குறுகிய கால ஊக வணிகர்களால்தான் பங்கு விலை இப்படி ஆடுகிறதா? நீண்ட காலத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு அதனால் பாதிப்பு உண்டா?

ஆட்டத்துக்கு அவர்களும் ஒரு காரணம்தான். ஆனால் அன்றைய விலையில் பேசுவது அன்றைக்கு வாங்கி விற்கிறவர்கள் மட்டுமே. பத்து வருஷமாகப் பங்கைத் தொடாமல் வைத்திருப்பவர்கள் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் அந்தப் பேரத்தில் அவர்கள் இல்லை.

ஏற்காட்டில் என் மாமனாருக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். அறுவடை முடிந்து களமெல்லாம் மிளகு காயும்போது வியாபாரியின் ஜீப் மேலே ஏறும், விலை கீழே இறங்கும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவர், அந்த வியாபாரியிடமே முன்பணம் வாங்கித் தின்றவர் எல்லாம் அன்றே மூட்டையை ஏற்றிவிடுவார்கள். மாமனார் பரணில் போட்டுவிடுவார். நன்றாகக் காய்ந்த மிளகு வருஷக்கணக்கில் கெடாது. "இது அவசரக்காரனோட விலை மாப்ள, மிளகோட விலை இல்ல" என்பார்.

இதைக் கேட்டுத் தலையாட்டிய நான்தான் 2024 ஜூன் 3 அன்று, தேர்தல் கருத்துக்கணிப்பில் சந்தை எகிறியதைப் பார்த்து, சேலம் ஐந்து ரோட்டில் டீ குடித்துக்கொண்டே நிஃப்டி ஃபியூச்சர்ஸ் ஒரு லாட் வாங்கினேன். நிஃப்டி என்பது ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீடு; ஃபியூச்சர்ஸ் என்றால் முழு விலை தராமல் மார்ஜின் என்ற பிணைத்தொகை மட்டும் கட்டி, அது ஏறும் என்று பந்தயம் கட்டுவது. அப்போது ஒரு லாட் 25 எண்ணம், விலை 23,200 சொச்சம். எஃப் அண்ட் ஓ எனும் இந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் தனிநபர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023லேயே சொல்லியிருந்தது. நான் அந்தப் பத்தாவது ஆள் என்ற நினைப்பு.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. இன்னொரு குறியீடான சென்செக்ஸ் 4,389 புள்ளி சரிந்தது, நிஃப்டியும் கூடவே விழுந்தது. மார்ஜின் பத்தவில்லை என்று மதியமே புரோக்கர் என் லாட்டை விற்றுவிட்டார். 40,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. வெள்ளிக்கிழமை, 7ஆம் தேதி, நிஃப்டி 23,290ல் முடிந்தது. நான் வாங்கிய விலைக்கும் மேலே.

இந்தியப் பொருளாதாரத்தின் மீது எனக்கு ஐந்து வருஷ நம்பிக்கை இருந்தது. ஆனால் போட்டது முழுப் பணம் இல்லையே, அதனால் என் காலக்கெடு ஒரே நாள். அன்று என்னைப்போல் மாட்டியவர்கள் விற்க விற்க விலை இன்னும் இறங்கும், அது அடுத்தவரின் மார்ஜினைத் தின்னும், அவரும் விற்பார். சரிவு ஆழமாவது இப்படித்தான்.

ஊக வணிகர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. ஜீப் வராவிட்டால் அவசரக்காரர் மிளகை யாரிடம் விற்பார்? ஆனால் தினம் சில ஆயிரம் பங்குகள்கூட கைமாறாத குட்டிக் கம்பெனி என்றால் கதை வேறு. அங்கே நாலு பேர் சேர்ந்தாலே விலையைத் தூக்கிவிடலாம், நான் பக்கத்திலேயே போவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: அன்றைக்கே விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் பாதிப்பு இல்லை. என் மனைவியின் எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டில் தவணையாகப் போடும் பணம், மாதாமாதம் 5ஆம் தேதி போகும். அந்த ஜூன் 5 அன்று நிஃப்டி 22,620. நான் வாங்கியதைவிட அறுநூறு புள்ளி மலிவாக அவளுக்குக் கிடைத்தது, அவள் ஆப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.